அக்கரையில் மகள், இக்கரையில் மகன்

இந்தக் கதையில் யாருக்காக மனம் இரங்குவது என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிட வேண்டாம். கடைசியில் ஒன்று கேட்பேன். அதுவரை சின்ன விஷயம் என்று எதையும் தள்ளாமல் கவனித்து வையுங்கள்.

ரெஜிலாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அபிஷா, ஏழாம் வகுப்பு. ஆற்றுக்கு அக்கரையில் பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். இளையவன் ஜோவின், இரண்டாம் வகுப்பு. அவன் பள்ளி இக்கரையில், வீட்டுப் பக்கம். கணவனுக்கு மஸ்கட்டில் வேலை. எந்தப் பள்ளியில் என்ன நடந்தாலும் போய் நிற்க ரெஜிலா ஒருத்திதான்.

ஆற்றைக் கடக்க ஒரு சப்பாத்து உண்டு. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, கைப்பிடிச் சுவர் இல்லாமல் கிடக்கும் தாழ்ந்த பாலம். அபிஷா தினமும் அதில் நடந்துதான் போய் வருவாள். பெரிய பாலம் வழியாகச் சுற்றினால் ஒரு மணி நேரம் ஆகும்.

அந்த ஐப்பசியில் மழைக்கு விடுமுறை மேல் விடுமுறை. தள்ளிப்போன விழாக்களை இரண்டு பள்ளிக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வியாழக்கிழமைக்கு வைத்தார்கள். ஜோவினுக்கு இரண்டு மணிக்கு மாறுவேடப் போட்டி. அபிஷாவுக்கு மூன்றே முக்காலுக்குப் பரிசளிப்பு. அந்தப் பள்ளியில் பரிசு வாங்கும் பிள்ளையோடு தாயோ தகப்பனோ மேடை ஏறி நிற்பது வழக்கம். போன வருஷம் ஜோவினுக்குக் காய்ச்சல், ரெஜிலாவால் போக முடியவில்லை. அபிஷா தனியாக ஏறிப் பரிசை வாங்கிக்கொண்டு, விழா முடியும்வரை நிற்காமல், ஒற்றையாகச் சப்பாத்தில் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அழவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை.

இந்த வருஷம் கட்டாயம் வருவேன் என்று ரெஜிலா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஜோவினுக்கும் ஒரு வாக்கு. அவனுக்குத் தபால்காரர் வேஷம். மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் இருக்கும் அம்மா கையில் கடிதம் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்குள் அது முடியும், ஸ்கூட்டரில் அக்கரைக்குக் கால் மணி நேரம், சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கே அபிஷா ஒத்திகைக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் வந்தது. அணையைத் திறக்கிறார்கள், நான்கு மணிக்கு ஆற்றில் வெள்ளம் ஏறும், அதற்குப் பிறகு யாரும் சப்பாத்தில் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனது. ரெஜிலா தபால்காரர் தொப்பிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். வெளியே மழை இல்லை, காற்றும் இல்லை. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. அது அவளுக்கு நல்லதாகப் படவில்லை.

போட்டிக்கு நடுவர் ஒரு மணி நேரம் பிந்தி வந்தார். மூன்று இருபதுக்கும் ஜோவினுக்கு முன்னால் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். அவனை முந்தி விடக் கேட்டதற்கு, பட்டியல் நடுவர் கைக்குப் போய்விட்டது என்றார்கள். அவன் திரை இடுக்கு வழியாக எட்டி எட்டிப் பார்த்தான். அம்மா இருக்கிறாள் என்று கண்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"ஆண்டவரே, என்னை இரண்டு ஆளாக்கித் தாரும்" என்று ரெஜிலா மனதுக்குள் ஜெபித்தாள்.

அப்போது போன் வந்தது. அபிஷா, டீச்சர் போனிலிருந்து. பின்னால் பேண்டு வாத்தியம் முழங்கியது.

"அம்மா, கிளம்பியாச்சா?"

"தம்பி இன்னும் மேடை ஏறலை" என்றாள் ரெஜிலா.

"பரவால்லம்மா, தம்பிகூடவே இருங்க. போன வருஷம் மாதிரி நானே நடந்து வந்திருவேன்."

போன் துண்டிக்கப்பட்டது. திரும்ப நான்கு தடவை கூப்பிட்டாள். அந்தச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை.

மஸ்கட்டுக்குக் கூப்பிட்டுக் கணவனிடம் கேட்டாள். சின்னவன் மனசு தாங்காது, பெரியவள் புரிந்துகொள்வாள், அங்கேயே இரு என்றார். ஜோவினின் டீச்சர், இன்னும் அரை மணி நேரம்தானே, பார்த்துவிட்டே போங்கள் என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த கிளாடிஸ், ரெஜிலாவின் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, காதோடு சொன்னாள்: "போன வருஷம் இவனுக்காக அவளை விட்டே. இந்த வருஷம் அவ முறை. எழுந்து போ பிள்ளே. ஜோவினை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அது டீச்சர் காதிலும் விழ, அவர் சிரித்தார். கிளாடிஸால் அது முடியாது. போட்டோ ஒட்டிய அட்டை கொண்டுவரும் ஆளிடம் மட்டும்தான் அங்கே சின்னப் பிள்ளைகளை விடுவார்கள். அட்டையில் இருந்தது ரெஜிலாவின் போட்டோ. மற்றபடி மாமா வந்தாலும் சித்தி வந்தாலும் கேட் திறக்காது.

ரெஜிலா ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி மூன்று இருபத்தைந்து.

கணவன், டீச்சர், கிளாடிஸ். இந்த மூவரில் யார் சொன்னது சரி? எதனால் சரி?

விடை: கிளாடிஸ் சொன்னபடி எழுந்து போவதுதான் சரி. ஆனால் அவள் சொன்ன காரணம் சரியில்லை. இது யார் முறை என்ற பேச்சே இல்லை. ஜோவின் எவ்வளவு அழுதாலும் அந்தக் கேட்டுக்கு உள்ளேதான் அழுவான். அட்டை இல்லாமல் அவனை வெளியே விட மாட்டார்கள். அபிஷாவைப் பிடித்து நிறுத்த ஒரு கேட்டும் இல்லை. மனம் நொந்தால் நடக்கிற பிள்ளை அவள். நடப்பது சப்பாத்து வழி. காலை ஏழு மணிக்கே போனவள் காதில் பத்து மணி அறிவிப்பு விழவும் இல்லை. ரெஜிலாவுக்கு இது விளங்கியதும் எழுந்து ஓடினாள். அவள் கடக்கும்போதே தண்ணீர் சப்பாத்தின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. பரிசளிப்பை முன்கூட்டியே தொடங்கி, அபிஷாவை முதலிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். பரிசும் பையுமாக ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்த மகளைப் பள்ளி வாசலில்தான் பிடித்தாள். பெரிய பாலம் சுற்றி இருவரும் திரும்பியபோது, தபால்காரர் தொப்பியோடு வாட்ச்மேன் பக்கத்தில் ஜோவின் உட்கார்ந்திருந்தான்.

கடிதத்தை யாரிடம் கொடுத்தாய் மக்களே என்று ரெஜிலா மகனிடம் கேட்டாள்.

"உங்க நாற்காலியில வச்சேனே. நீங்க எடுக்கலையா?" என்றான்.