விருந்தினர் நாற்காலி

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அதன் இதழியல் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. பேட்டிக்கு யாராவது வருவதாக இருந்தால், அவர் வருவதற்குச் சில நாள் முன்பு ஆசிரியர் ஞானதுரை விருந்தினர் நாற்காலியில் உட்காருவார். அவரையே விருந்தினராக வைத்து மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டும். தேறியவர் மேடையேறுவார். பேட்டி அவர் பெயரில் அச்சாகும்.

அந்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தவர் நாவலாசிரியர் வேலாயுதப்பெருமாள். பன்னிரண்டு நாவல்கள் எழுதியவர். கை நடுக்கம் வந்த பிறகு, கடைசி மூன்றையும் கைப்பேசியிடம் வாயால் சொல்லி எழுதினார். அதனால் எழுத்தும் தொழில்நுட்பமும் என்று தலைப்பு வைத்திருந்தார்கள். கேள்வி பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவார் என்றும் பேச்சு இருந்தது.

ஆவுடையம்மாள் இறுதியாண்டு மாணவி. நாற்காலிக்கு முன்னால் இரண்டு முறை தோற்றவள். இந்த ஆண்டில் இனி விருந்தினர் யாரும் இல்லை. அச்சில் பெயர் வராத மாணவருக்கு ஞானதுரை எந்தப் பத்திரிகைக்கும் சிபாரிசுக் கடிதம் தருவதில்லை. முப்பது வருடம் நாளிதழில் இருந்தவர். கடிதத்தைக் கையோடு எடுத்துப் போனவர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

திங்கள்கிழமை அவள் இருபத்திரண்டு கேள்விகளுடன் வந்தாள். தாளில் வரிசை எண் போட்டிருந்தாள்.

ஞானதுரை நாற்காலியில் உட்கார்ந்தார். துறையின் செய்திமடல் அச்சுக்குப் போக இருந்தது. புரூஃப் தாள்களை மடியில் வைத்துச் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"கேளும்மா."

"தொழில்நுட்பம் எழுத்தாளருக்கு வரமா, சாபமா?"

"கத்தி காயும் நறுக்கும், கையும் நறுக்கும்." அவர் தலை நிமிரவில்லை.

"கருவி மாறினா கற்பனை குறையுமா?"

"கற்பனை மனசுல இருக்கு. கருவியில இல்ல."

"இயந்திரமே கதை எழுதிட்டா எழுத்தாளர் எதுக்கு?"

"இயந்திரம் வார்த்தையைக் கோக்கும். வலி அதுக்குத் தெரியாது."

பின்வரிசையில் இருந்த ஜெரால்டு கை தட்டினான். ஆவுடை எல்லாப் பதில்களையும் குறித்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாவது கேள்வி முடிந்தபோது ஞானதுரை நான்கு பக்கம் பிழை திருத்தியிருந்தார்.

"சரியா இருந்துச்சா சார்?"

"பதில் எப்படி இருந்துச்சு?"

"அவரே பேசின மாதிரி இருந்துச்சு சார்."

"அவர் எழுதினதுல நீ எதைப் படிச்சிருக்க?"

ஆவுடை தாளைப் பார்த்தாள்.

"நானும் படிச்சதில்ல," என்றார் ஞானதுரை. "ஒரு பக்கம்கூட."

வகுப்பு சிரித்தது.

"அப்ப பேட்டி முடிஞ்சுபோச்சுல்லா சார்," என்றான் ஜெரால்டு. "பாவம், அந்த மனுஷனை எதுக்கு ரயில் ஏத்தி அலைக்கழிக்கணும்?"

ஞானதுரை சிரிக்கவில்லை. "அவன் சொல்றதுல தப்பில்லம்மா," என்றார்.

"இன்னொரு தடவை கேக்கலாமா சார்?"

"வியாழக்கிழமை வரைக்கும் நாற்காலி இங்கதான் கிடக்கும்."

செவ்வாயும் புதனும் ஆவுடை வகுப்புக்கு வரவில்லை. நூலகத்தில் இருந்தாள். கையால் எழுதியதில் மூன்று, வாயால் சொன்னதில் மூன்று. எல்லாம் சின்ன நாவல்கள். முதல் மூன்றை வேகமாகப் படித்தாள். கடைசி மூன்றில் வேகம் குறைந்தது. ஏன் குறைந்தது என்று தெரியாமல் முதல் மூன்றை மறுபடியும் எடுத்தாள்.

வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்தாள். ஞானதுரை நாற்காலியில் இருந்தார். மடியில் மிச்சப் புரூஃப்.

"எத்தனை கேள்வி?"

"ஒண்ணு சார்."

"இருபத்தொண்ணு தள்ளுபடி," என்றான் ஜெரால்டு.

"கேளும்மா."

"நீங்க கையால எழுதின நாவல்ல எந்த வீட்டை எடுத்தாலும், புருஷன் பொண்டாட்டிக்குத் தெரியாம ஏதாவது வச்சிருக்கான். ஒருத்தன் பழைய கடிதத்தை ரேடியோப் பெட்டிக்குள்ள ஒளிக்கான். ஒருத்தன் வேலை போனதைச் சொல்லாம தினமும் சாப்பாட்டுத் தூக்கோட கிளம்பிப் போயி ரயிலடியில உக்காந்திருக்கான். வாயால சொன்ன மூணுலயும் ஒருத்தன்கிட்டயும் ரகசியம் இல்ல. எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க."

சிவப்புப் பேனா நின்றது.

"இதுல கேள்வி எங்க?"

"இனிமேதான் சார். நீங்க சத்தமா கதை சொல்லும்போது அடுத்த அறையில யாரு இருப்பா?"



"ஏ, பெரிய மனுஷனைப் பொண்டாட்டிக்குப் பயந்தவருங்கியா?" என்றான் ஜெரால்டு.

"பயந்தாருன்னு நான் சொல்லல. யாருன்னு கேக்கேன்."

"எந்திரிச்சுப் போயிட்டாருன்னா?"

ஆவுடை விருந்தினர் நாற்காலியைப் பார்த்தாள். ஞானதுரை எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலம்மா," என்றார். "நாளைக்கு மேடையில அவர்கிட்ட கேட்டு வந்து சொல்லு."