கொட்டாங்கச்சியில் விழாத மலை

கரட்டுமலை அடிவாரக் குளத்தில் ஒரு நீர்க்கோழி கோரையை மடக்கிக் கூடு கட்டி, ஐந்து முட்டை இட்டிருந்தது. தண்ணீருக்கும் கூட்டுக்கும் எட்டு விரல்தான் இடைவெளி. காலையிலேயே மேற்கே கருமேகம் திரண்டது. பாவம், நீர்க்கோழி மேகத்தையும் முட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தது.

குளக்கரை வளையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. மழைக்குக் குளம் எவ்வளவு ஏறும் என்று சொல்வது அதன் வேலை. யார் கொடுத்த வேலை? தானே எடுத்துக்கொண்டதுதான்! கரையில் ஒரு கொட்டாங்கச்சியை வைக்கும். அது நிறைந்தால் குளம் நாலு விரல் ஏறும். மூன்று வருடமாக அப்படித்தான் ஏறியது. கூடவே அதன் தலைக்கனமும் ஏறியது.

“ஐயா, கூட்டை உயர்த்தட்டுமா?” என்று கேட்டது நீர்க்கோழி.

“எதுக்கு? இன்னிக்கு ஒரே ஒரு கொட்டாங்கச்சி மழைதான். நாலு விரல்! போய் அடைகாக்கிற வழியைப் பாரு!”

மருதமரத்தில் இருந்த மந்தி கிளுக்கென்று சிரித்தது. “உங்க கொட்டாங்கச்சியில மழை விழுது, சரி. மலை விழுதா?”

“என்னடி உளர்றே?”

“மலையில பெய்யறதும் இங்கதானே வரும்! கோடையில தீப்பிடிச்சுப் பாதி மலை மொட்டையாயிடுச்சே, போய்ப் பார்த்தீங்களா?”

“மலை என்ன எழுந்தா போயிடுச்சு? இருந்த இடத்துலதானே இருக்கு!”

மந்திக்குக் கை துறுதுறுத்தது. முள்ளம்பன்றியைப் புகழ்ந்து புகழ்ந்தே மலையடிக்குக் கூட்டிப் போனது. நீர்க்கோழியும் பின்னாலேயே ஓடியது. புல் மிச்சமிருந்த சரிவின் கீழே முள்ளம்பன்றியை நிறுத்தி, மேலிருந்து ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரை ஊற்றியது மந்தி. புல்லும் மண்ணுமே அதைக் குடித்துவிட்டன; கால் நகம்கூட நனையவில்லை.

“பார்த்தியா!” என்று நெஞ்சை நிமிர்த்தியது முள்ளம்பன்றி.

“இப்ப இந்தப் பக்கம் வாங்க, கணக்குப் புலியே!”

அது தீய்ந்த சரிவு. அதே அளவு தண்ணீர்தான். சர்ரென்று சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து மூஞ்சியில் அடித்தது! மந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

“ஒரு கை தண்ணியை வெச்சு மலைக்கே கணக்குப் போடுறியா? போடி!” முள்ளம்பன்றி கரிமூஞ்சியோடு வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

நீர்க்கோழி சிரிக்கவில்லை. ஓடிப்போய்க் கோரையைப் பிடுங்கிப் பிடுங்கி முட்டைகளுக்கு அடியில் திணித்தது. மந்தியும் ஒடித்து ஒடித்துக் கொடுத்தது. கூடு எட்டு விரலிலிருந்து பதினைந்து விரலுக்கு உயர்ந்தது.

மதியம் மழை கொட்டியது. கொட்டாங்கச்சி ஒருமுறை நிறைந்ததும் நின்றது.

“சொன்னேனா இல்லையா! ஒண்ணே ஒண்ணு!” என்று வளைக்குள்ளிருந்து கத்தியது முள்ளம்பன்றி.

வெயில்கூட அடித்தது. ஆனால் மலையிலிருந்து கறுப்புத் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியது. நாலு விரல், எட்டு விரல், பன்னிரண்டு விரல்! ஐந்து முட்டைகளும் நனையாமல் இருந்தன. முள்ளம்பன்றியின் வளைதான் முழுகியது. இருமிக்கொண்டே கரையேறியது அது.

“மழைதான் நின்னுடுச்சே! இது எங்கிருந்துடி வருது?” என்று அலறியது.

மந்தி மொட்டை மலையைக் காட்டியது.

பெய்யும் மழையை மட்டும் அளந்துவிட்டு, அது ஓடிவரும் நிலத்தைப் போய்ப் பார்க்காதவரின் கணக்கு, முதலில் அவர் வீட்டையே மூழ்கடிக்கும்.