யாருமில்லை என்று சொன்ன கூடு

மலையடிவாரக் காட்டுக் குளத்தின் கரையில் ஒரு கருவேல மரம் தண்ணீரின் மேல் சாய்ந்து நின்றது. அதன் கிளைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் சுரைக்குடுக்கைபோலத் தொங்கின. மழைக்காலம் முடிந்து குஞ்சுகள் பறந்துவிட்டதால் கூடுகள் எல்லாம் காலி. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மார்கழிக் கடைசியில் ஒரு மாலை, குரங்கு ஊரிலிருந்து திரும்பியது. ஒரு பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் பைகள். அக்குளில் டீக்கடையில் சுட்ட தீப்பெட்டி.

"எல்லோரும் கேட்டுக்கோங்க! நாளைக்கு விடிஞ்சா போகி! ஊர்ல பழசையெல்லாம் போட்டுக் கொளுத்துறாங்க. நாமளும் கொளுத்துவோம். கொளுத்தாதவங்க வீட்டுக்குப் புதுசே வராது!"

புதுசு வராது என்றதும் எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. சாரைப்பாம்பு தான் உரித்த சட்டையை இழுத்து வந்தது. மான் தன் தலையிலிருந்து விழுந்த கொம்பைக் கொண்டுவந்து போட்டது. குரங்கு எல்லாவற்றையும் டயரைச் சுற்றி, கருவேல மரத்தடியில் குவித்தது.

தூக்கணாங்குருவி கிளையில் இருந்து கத்தியது. "என் பங்குக்குக் கரைப்பக்கக் கோடியில தொங்குற அந்தக் கூடு! காலையில வந்து கடிச்சு எடுத்துக்கோ. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருது!"

இதையெல்லாம் ஒரு முயல் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. காது எவ்வளவு நீளமோ, கேள்வியும் அவ்வளவு நீளம்.

"குரங்கண்ணே, பழசுன்னா என்ன?"

"யாருக்கும் வேண்டாததுதான் பழசு!"

"யாருக்கும்னா? எல்லோரையும் கேட்டுட்டியா?"

"ஏ நீளக்காது! உன்கிட்ட இருக்கிற பழசு அந்த வாய்தான். அதைக் கொண்டுவந்து போடு!"

எல்லோரும் சிரித்தார்கள். முயலும் சிரித்தது. ஆனால் கேள்வி அதன் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்துகொண்டது.

எல்லோரும் போன பிறகு முயல் குவியலைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. டயர் நாறியது. கொம்பு மண்வாசனை அடித்தது. கோடிக் கூட்டுக்கு நேர் கீழே வந்ததும் முயல் நின்றுவிட்டது. தரையில் வெள்ளையாக எச்சம். பக்கத்தில் புல்விதையின் உமி. இரண்டும் புதுசு!

'காலிக் கூட்டின் கீழே எப்படி எச்சம் விழும்?'

முயல் அண்ணாந்து கூப்பிட்டது. "கூட்டுல யாரு?"

முயல் பின்னங்கால்களில் எழுந்து நின்றது.

"கூட்டுல யாருன்னு கேட்டேன்!"

"யாருமில்லை!" என்றது ஒரு சின்னக் குரல்.

"யாருமில்லைன்னு சொல்றது யாரு?"

கூட்டுக்குள் ஏதோ அசைந்தது. பிறகு கூட்டின் வாசலில் ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. அது ஒரு சில்லைக் குருவி.

"அக்கா, மெதுவாப் பேசு! உள்ளே நாலு முட்டை இருக்கு. எனக்கு இப்படியெல்லாம் பின்னத் தெரியாது. காலியா இருக்கேன்னு வந்துட்டேன். அடுத்தவங்க விட்டுப்போன கூட்டுல இவ குடியிருக்கான்னு எல்லோரும் சிரிப்பாங்க."

"காலையில குரங்கு கூட்டைக் கடிச்சு எடுக்கப்போகுது! கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்." குருவி உள்ளே திரும்பி முட்டைகளைப் பார்த்தது. "முட்டையைத் தூக்கிட்டுப் போகவும் முடியாது. விட்டுட்டுப் போகவும் மனசு வரலை. நீ யார்கிட்டயும் சொல்லிடாதே!"

"நான் சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனா நீ சொல்லித்தான் ஆகணும்."

குருவி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

விடிந்தது. எல்லோரும் மரத்தடியில் கூடினார்கள். குரங்கு கோடிக் கூட்டை எடுக்க மரத்தில் கால் வைத்தது.

"ஒரு நிமிஷம்!" என்று முயல் கத்தியது.

"வந்துட்டாப்பா! இப்ப என்ன?"

"கொளுத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் காட்டிக் கேட்டுடலாம். யாருக்கும் வேண்டாம்னாத்தானே பழசு? நீதானே சொன்னே!"

குரங்கு தலையைச் சொறிந்தது. தான் சொன்னதை இல்லை என்று எப்படிச் சொல்லும்? "சரி, சரி, கேட்டுத் தொலை!"

முயல் பாம்புச் சட்டையைத் தூக்கிக் காட்டியது. "இது யாருக்காவது வேணுமா?"

"எனக்கு!" என்று கொண்டைக்குருவி இறங்கி வந்தது. "கூட்டுக்கு உள்ளே மெத்துன்னு விரிச்சுக்குவேன். கேட்கக் கூச்சமா இருந்துச்சு!"

"என் சட்டை மேலயா படுப்பே?" என்று பாம்புக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

கொம்பைக் காட்டியதும் முள்ளம்பன்றி முட்டிக்கொண்டு வந்தது. "கொடு, கொடு! இதைக் கரும்பாட்டம் கடிப்பேன். எங்களுக்குப் பொங்கல் கரும்பே இதுதான்!"

மான் தன் கொம்பையும் முள்ளம்பன்றியின் பல்லையும் மாறி மாறிப் பார்த்தது.

இப்போது முயல் மேலே கையைக் காட்டியது. "அந்தக் கோடிக் கூடு யாருக்காவது வேணுமா?"

யாரும் பேசவில்லை. முயல் கூட்டின் வாசலையே பார்த்தது.

"பார்த்தியா? யாருக்கும் வேண்டாம்!" என்று குரங்கு தாவி ஏறியது. கிளை ஆடியது. கூடு ஆடியது. குரங்கு கூட்டில் கை வைத்தது.

"எனக்கு வேணும்!"

குரங்கு திடுக்கிட்டுக் கையை எடுத்தது. வாசலில் சில்லைக் குருவி இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. "எனக்கு வேணும்! உள்ளே என் முட்டை இருக்கு! சிரிக்கிறவங்க சிரிச்சுக்கோங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. தூக்கணாங்குருவி மட்டும் பறந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"இந்தக் கூட்டுலயா குடியிருக்கே? என் வீட்டுக்காரி இதை வந்து பார்த்துட்டு, கோணலா இருக்குன்னு சொல்லி வேண்டாம்னுட்டா. அந்த அவமானத்துலதான் கொளுத்தச் சொன்னேன்."

"கோணலா? அந்தச் சாய்வாலதான் மார்கழிப் பனி உள்ளே வரலை. இவ்வளவு நல்ல வீடு எனக்குக் கிடைச்சதே இல்லை!"

தூக்கணாங்குருவியின் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. "சாய்வா வெச்சது நான்தான்!" என்று சுற்றிலும் பார்த்துச் சொன்னது.

குரங்குக்கு மூக்குடைந்துபோயிற்று. "சரி, அதெல்லாம் எடுத்துக்கோங்க. டயரும் பையும் நான் கொண்டுவந்தது. அதை நான் கொளுத்துவேன்!"

"புகை எந்தப் பக்கம் போகும் அண்ணே?"

குரங்கு காதில் வாங்கவில்லை. ஒரு பையின் முனையில் நெருப்பு வைத்தது. கரும்புகை சுருண்டு சுருண்டு நேரே மேலே ஏறியது. கூட்டுக்குள் சில்லைக் குருவி இருமியது.

"நிறுத்து! என் கூட்டுல ஆள் இருக்கு!" என்று தூக்கணாங்குருவி பாய்ந்து வந்து குரங்கின் மண்டையில் கொத்தியது. அதற்குள் புகை குரங்கின் கண்ணிலும் தொண்டையிலும் ஏறிவிட்டது. இருமி, தும்மி, கண்ணீர் வழிய, குரங்கு ஈரச் சேற்றை வாரிப்போட்டு நெருப்பைத் தானே அணைத்தது.

"அய்யோ! காசு கொடுத்து வாங்கினதைக் கொளுத்தி, இந்தப் புகையையா ஊர்ல மூக்குல விட்டுக்கிறாங்க?"

முயல் கேட்டது. "டயர் யாருக்காவது வேணுமா? பை?"

எறும்புகூட முன்வரவில்லை.

"அண்ணே, நீ சொன்ன மாதிரி யாருக்கும் வேண்டாதது இது ரெண்டும்தான். காட்டுல விளைஞ்சதில்லையே!"

"எடுத்த இடத்துலயே விட்டுட்டு வரேன், விடு! தீப்பெட்டியையும் டீக்கடையில வெச்சுடறேன்" என்று குரங்கு முனகியது. பைகளைப் பொறுக்கி டயருக்குள் திணித்து உருட்டத் தொடங்கியது. டயர் துள்ளித் துள்ளி ஓடியது. குட்டிகள் எல்லாம் கத்திக்கொண்டு பின்னால் ஓடின. காட்டின் எல்லைவரை ஒரே ஊர்வலம். அந்த வருஷத்துப் போகி அதுதான்.

பொங்கல் வந்தது, போனது. காணும் பொங்கலன்று முட்டைகள் நான்கும் பொரிந்தன. எல்லோரும் குஞ்சுகளைப் பார்க்க வந்தார்கள். குரங்கு ஒரு பிடி புல்விதையைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தது.

முயல் கீழே நின்று கூப்பிட்டது. "கூட்டுல யாரு?"

"நாங்க அஞ்சு பேரு!" என்றது சில்லைக் குருவி.

பண்டிகைக்காக ஒன்றை எரிக்கும் முன்னும் எறியும் முன்னும் அது யாருக்கு உதவும் என்று கேட்க வேண்டும். யாருடைய கூட்டையும் கலைக்காமல், யாருடைய மூச்சையும் கெடுக்காமல் கொண்டாடுவதே நல்ல பண்டிகை.