முதல் சுருள் யாருக்கு

புது லென்ஸ் மதியத் தபாலில் வருகிறது என்று தெரிந்ததும் நயினார் அண்ணாச்சி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு இஸ்ரவேல் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். மைதீன் அதற்கும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

இருவரும் சேர்ந்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த லென்ஸ். அதில் முதல் ஃபிலிம் சுருளை யார் எடுப்பது என்று ஒருவர் அளந்துவிட, மற்றவர் மடக்கிக் கேள்வி கேட்பார்; இஸ்ரவேல் தீர்ப்புச் சொல்வார். பாளையங்கோட்டையில் அதுதான் அவர்கள் வழக்கம். போன தடவை மைதீன் ஜெயித்துவிட்டார்.

இருவரிடமும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள். கண் வைத்துப் பார்க்கிற சன்னல் மேலே தனியாக இருக்கும், லென்ஸ் கீழே தன்பாட்டுக்கு இருக்கும். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது.

"என் பழைய லென்சே லேசுப்பட்டதில்லவே," என்று அண்ணாச்சி ஆரம்பித்தார். "பொழுதடஞ்ச பொறவு ஆத்துல ஒரு கொக்க எடுத்தேன். லென்சு வெளிச்சத்த இழுத்த இழுப்புல பாலத்து விளக்கெல்லாம் மங்கிட்டு. லைன்மேன் பதறி ஓடி வாரான்."

"எதுல வந்தான்?" என்றார் மைதீன்.

"சைக்கிள்ல. அதோட டைனமோ விளக்கையும் குடிச்சிட்டு. பாவம், தள்ளிக்கிட்டே போனான்."

இஸ்ரவேல் சிரிக்கவில்லை. தான் சொல்வதில் தனக்கே எவ்வளவு நம்பிக்கை என்று அண்ணாச்சி சில சமயம் யோசித்ததுண்டு. இன்று அதற்கு நேரமில்லை.

"இந்த வாசல்லேருந்து ஆத்துக்கு அக்கரையில நிக்க நெல்லையப்பர் கோபுரத்த எடுத்தேன். பிரிண்டு போட்டா உச்சியில ஒரு புறா. அது கண்ணுக்குள்ள நான் நிக்கேன். சட்டையில ரெண்டாவது பட்டன் போடல. அதப் பாத்துத்தான் போட்டேன்."

"பிரிண்டு வார வரைக்கும் தெறந்துக்கிட்டா திரிஞ்சீரு?"

"நீரு சொல்லிருக்கணும்லாவே?"

"பழைய லென்சு கெடக்கட்டும்," என்றார் இஸ்ரவேல். "புதுசுக்கும் உமக்கும் என்ன?"

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "அது கப்பல் ஏறுன நாள்லேருந்து என் கேமரா வேற லென்ச ஏத்துக்கிடல. மாட்டுனா துப்பிருது. போன மாசம் சும்மா வெறும் பெட்டிய வச்சு ஒரு படம் எடுத்தேன். வரப்போற லென்சு பாத்த படம் அதுக்கு முந்தி வந்துட்டு. அம்புட்டுத் துல்லியம்."

"படத்துல என்ன இருந்துச்சு?"

"கடல்."

இஸ்ரவேல் மோட்டுவளையைப் பார்த்தார். தபால்காரர் பார்சலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"நீரே எடும்," என்றார் இஸ்ரவேல் கடைசியில். "ஒரு படம் வீணாச்சுன்னாலும் மைதீன் கைக்குப் போயிரும்."

அண்ணாச்சி லென்ஸைத் தன் கேமராவில் மாட்டினார். சன்னலில் கண்ணை வைத்தார். எதிர் டீக்கடை, பஸ், வாசலில் நின்ற மைதீன் என்று வரிசையாகத் தட்டினார்.

"எய்யா! என்னா தெளிவு! ஒம்ம மீசையில நரைச்சத எண்ணிரலாம்வே!"

"அண்ணாச்சி," என்றார் மைதீன், "லென்சு மூடியக் கழத்தலியே."

அண்ணாச்சி கண்ணை எடுக்கவில்லை.

"மூடி இருக்கும்போதே இப்படின்னா," என்றார், "கழத்துனா எப்படி இருக்கும்னு பாத்துக்கிடும்."

"பாப்போம்," என்றார் இஸ்ரவேல். "கழத்தி மைதீன்ட்ட குடும்."