சிலுவைக்கு எட்டு முனை வந்த கதை

பறவைகளும் மனிதர்களும் ஒரே மொழியில் வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஜெருசலேம் நகரத்தில் சில துறவி வீரர்கள் இருந்தார்கள். வாளும் பிடிப்பார்கள், நோயாளிகளுக்கு மருந்தும் கட்டுவார்கள். கறுப்பு அங்கி, மார்பில் வெள்ளைத் துணிச் சிலுவை. அதன் நான்கு கைகளும் அப்போது நுனியில் நேராகத்தான் இருந்தன.

புதிதாகச் சேர்ந்த ஒடோவுக்குத் தன் சிலுவைமேல் கொள்ளைப் பெருமை. மார்பை அடைத்து இடுப்புவரை தொங்கும்படி தைத்திருந்தான். திருநாள் ஊர்வலத்தில் முதல் வரிசையில் நடக்கப் போகிறவன் அல்லவா!

"சிலுவையை நீ சுமக்கிறாயா, அது உன்னைச் சுமக்கிறதா?" என்று கேலி செய்தது அவர்களுடைய மருத்துவமனை உத்தரத்தில் கூடு கட்டியிருந்த தகைவிலான் குருவி. அதற்கு வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும்.

"ஒரு நூல் பிசகினாலும் தலைவர் அங்கியைப் பிடுங்கிக்கொள்வார். உனக்கென்ன தெரியும்?" என்றான் ஒடோ.

மற்றவர்கள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஒடோ கிளம்பும்போது வாசலில் தடாலென்று சத்தம் கேட்டது. தண்ணீர் சுமக்கும் ஹபீப் படியில் வழுக்கி விழுந்து, உச்சந்தலை பிளந்து கிடந்தான். ரத்தம் நிற்கவில்லை. கட்டுத்துணி அறையோ பூட்டியிருந்தது. சாவி கோயிலுக்குப் போனவரிடம்.

ஒடோ குனிந்து தன் மார்பைப் பார்த்தான். அழுகை வந்தது. பிறகு சிலுவையை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்து ஹபீபின் தலையில் கவிழ்த்தான். நான்கு கைகளும் நாலா பக்கமும் தொங்கின. கட்ட முடியாமல் நழுவியது.

"அட மண்டு, என் வாலைப் பார்!" என்று கத்தியது குருவி. "நுனியைப் பிளந்து கட்டு!"

ஒடோ ஒவ்வொரு நுனியையும் பல்லால் கிழித்தான். நான்கு எட்டாயிற்று. பக்கத்துப் பக்கத்து நுனிகளைச் சேர்த்து நான்கு முடிச்சுப் போட்டான். கட்டு இறுகியது, ரத்தம் நின்றது.

ஒடோவைத் தேடிக்கொண்டு தலைவரே வந்துவிட்டார். "சிலுவை எங்கே?"

"ஹபீப் தலையில் இருக்கிறது, ஐயா."

தலைவர் ஹபீபின் பக்கம் குனிந்து கட்டைப் பார்த்தார். ஹபீப் கண் விழித்து, "ஐயா, என் தண்ணீர்த் தோல்பை கிழிந்துவிட்டதா?" என்று கேட்டான். தலைவருக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. கத்தரிக்கோலை எடுத்துத் தம் சிலுவையின் நுனிகளையும் நடுவில் வெட்டிவிட்டார்.

"இனி எல்லோரும் இப்படியே தையுங்கள்," என்றார். "அவசரத்தில் கிழித்துக்கொண்டிருக்க நேரமிருக்காது."

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான்: அவர்களுடைய கொடியிலும் கேடயத்திலும் சிலுவையின் ஒவ்வொரு கையும் நுனியில் பிளந்து, எட்டு முனைகளோடு, யார் தலைக்காவது கட்டுப்போடத் தயாராக நிற்கிறது.