பூரணி குறைத்த மூன்று மதிப்பெண்

தாமரைக்குளத்தின் கரையில், மருதமரத்தடியில் உட்கார்ந்து, பூரணி என்ற அணில் தேர்வு விடைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். காட்டுப் பள்ளியில் பல வருஷமாக இயற்பியல் சொல்லிக் கொடுப்பவள் அவள். பக்கத்தில் நாரையும் மானும் ஆளுக்கொரு கட்டு விடைகளை வைத்துக்கொண்டு திருத்தினார்கள். மேற்பார்வைக்குக் கிழட்டு ஆமையார் இருந்தார்.

பிள்ளைகள் தேக்கிலையில் விடை எழுதியிருந்தார்கள். இலையில் பேர் கிடையாது, எண் மட்டும்தான். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினவர்களுக்கே மலைமேல் உள்ள பள்ளியில் இடம். கோடையில் குளம் வற்றிவிடும். மலையில் ஊற்று வற்றாது. அதனால் காட்டில் எல்லா வீட்டிலும் அந்த முடிவைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். பூரணியின் மகன் துருவனும் அந்தத் தேர்வு எழுதியிருந்தான்.

பூரணி நல்லவள்தான். காலையில் சாமி கும்பிடாமல் இலையைத் தொடமாட்டாள். ஆனாலும் அவள் மனசில் ஒரு முள் இருந்தது. குணவதி என்ற முள்ளம்பன்றி கிழங்கு தோண்டிப் பிழைப்பவள், எழுத்தே தெரியாதவள். அவள் மகள் தேனரசிதான் வருஷா வருஷம் முதலாவதாக வருவாள். குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருகிற தாய்மார் எல்லாம், "தேனரசியைப் பாரு, பிள்ளைன்னா அப்படி இருக்கணும்" என்பார்கள். டீச்சர் மகன் துருவனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பேச்சைக் கேட்கிற போதெல்லாம் பூரணிக்கு வயிறு எரியும்.

ஒரு கேள்வி இப்படி இருந்தது: பனம்பழம் ஒன்று மர உச்சியிலிருந்து இரண்டு விநாடியில் தரைக்கு வந்தால், மரத்தின் உயரம் என்ன? விடை, இருபது மீட்டர். ஐந்து மதிப்பெண். பல பிள்ளைகள் 'இருபது' என்று மட்டும் எழுதி, 'மீட்டர்' என்பதை விட்டிருந்தார்கள். 'விட்டால் குறைக்கவும்' என்றது விடைக்குறிப்பு. எவ்வளவு என்று சொல்லவில்லை. எல்லோரும் வழக்கம்போல அரை மதிப்பெண் குறைத்து நாலரை போட்டார்கள். பூரணியும் அப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தாள்.

அப்போது ஒரு இலை வந்தது. முள்ளால் கீறிய மெல்லிய எழுத்து. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. காட்டில் தாயின் முள்ளைப் பேனாவாக்கி எழுதுகிறவள் தேனரசி ஒருத்திதான். எல்லாம் சரியாக இருந்தது. இந்த ஒரு கேள்வியில் மட்டும் 'மீட்டர்' இல்லை.

பூரணியின் கை சற்று நின்றது. பிறகு மூன்று மதிப்பெண்ணைக் குறைத்து, இரண்டு போட்டாள். மனசுக்குள் ஜில்லென்று இருந்தது. அடுத்த இலையை எடுக்கும்போது மட்டும் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

மதியம் ஆமையார் ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டு இலைகளை உருவிப் பார்த்தார். பூரணியின் கட்டிலிருந்து எடுத்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுவும் இருபது, அதுவும் இருபது. ரெண்டுலயும் மீட்டர் இல்ல. இதுக்கு நாலரை, அதுக்கு ரெண்டு. ஏம்மா?"

பூரணி இரண்டு இலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எப்படியோ சமாளித்தாள். "முதல்ல இரக்கப்பட்டுட்டேன் ஐயா. மீட்டர் போடலேன்னா அது விடையே இல்ல. ரெண்டுதான் சரி."

"பாடம் சொல்லிக் கொடுக்கிறவ நீ. உன் சொல்படியே ஆகட்டும். ஆனா எல்லாக் கட்டுக்கும் ஒரே அளவுதான்."

நாரையும் மானும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகளை மறுபடி அவிழ்த்தார்கள். நாலரைகள் எல்லாம் இரண்டாயின. பூரணி தன் கட்டைத் திருத்தி முடித்தபோது தேனரசியின் கூட்டுத்தொகையைப் பார்த்தாள். தொண்ணூற்றேழு. அவளை நெருங்க ஆளில்லை. இன்னமும் அவள்தான் முதல்.

மான் கூட்டிப் பார்த்துச் சொன்னது. "பதினோரு பிள்ளைங்க ஃபெயிலாகுது ஐயா. எல்லாம் விளிம்புல நின்னதுங்க."

நாரை ஒரு இலையைத் தூக்கிக் காட்டியது. "பாவம், இது முப்பத்தாறு வாங்கியிருந்துச்சு. இப்ப முப்பத்துமூன்றரை. யோசிச்சு யோசிச்சு இலை ஓரத்தையே கடிச்சுத் தின்னிருக்கு பாருங்க."

பூரணி பார்த்தாள். அந்தப் பல் வரிசை அவளுக்குத் தெரியாதா? எழுதும்போது ஓரத்தைக் கடிக்காதே என்று துருவனை எத்தனை தரம் அதட்டியிருக்கிறாள்.

"அந்த ஒண்ணுக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தாள்.

"மட்டும்னா, மத்த பத்துக்கு?" என்றார் ஆமையார்.

பூரணி அந்தப் பதினோரு இலைகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் சொன்னது பொய். எழுத்தைப் பார்த்து இன்னார்னு கண்டுபிடிச்சு, பொறாமையில குறைச்சேன். அரை மதிப்பெண்தான் நியாயம். அந்தக் கடிச்ச இலை என் மகனோடது. அதையும் சொல்லிடறேன்."

ஆமையார் அவளிடமிருந்து எழுதுகோலை வாங்கிக்கொண்டார். அவள் கட்டை மானிடம் கொடுத்தார். துருவனின் இலையை வேறு இருவர் பார்க்கட்டும் என்றார். எல்லாக் கட்டிலும் அரை மதிப்பெண் மட்டும் குறைக்கச் சொன்னார். பதினோரு பிள்ளைகளும் தேறினார்கள். துருவனுக்கு அதே முப்பத்தாறு. இனி மூன்று வருஷம் பூரணி விடை திருத்தக் கூடாது என்றும் முடிவாயிற்று. அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் குணவதி கிழங்குக் கூடையோடு எதிரே வந்தாள்.

"டீச்சர், முடிவெல்லாம் கேட்க மாட்டேன். எம்மக கணக்கைப் போட்டுட்டு மீட்டர், கிலோன்னு எழுத மறந்துடறா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க கொஞ்சம் கண்டிச்சுச் சொல்லிக் கொடுங்களேன்" என்று நாலு கிழங்கை எடுத்து நீட்டினாள்.

பூரணிக்குக் கண் கலங்கியது. கிழங்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"நாளைக்குக் காலையில அனுப்பு. துருவனோட உட்கார்த்தி வெச்சுச் சொல்லிக் கொடுக்கறேன்" என்றாள்.

ஒருத்தர்மேல் உள்ள பொறாமையால் நியாயத்தின் அளவை மாற்றினால், அந்த அடி அவரை விட்டுவிட்டு, ஒன்றும் அறியாத எளிய பிள்ளைகள்மேலும் நம் வீட்டின்மேலும்தான் விழும்.