முகம் குடுக்காத ராணி

ஒரு ஊர்ல, ஊர் பேரு மினுக்கம்பட்டி, ஒரு ராசா இருந்தார், அவருக்கு ஒரு ராணி இருந்தா, பேரு செண்பகவல்லி. வயசு இருபத்திரெண்டு. கன்னத்துல ஈ உக்காந்தா வழுக்கி விழும், அப்படி ஒரு தோல். மடியில ஆறு மாசத்து ஆம்பளப்புள்ள. அம்மா சிரிச்சா அது சிரிக்கும், அம்மா புருவத்தைத் தூக்கினா அது காலை உதைக்கும். ஒரு குறையும் இல்லை. குறை இல்லாத இடத்துல குறையைக் காட்டத்தானே சில பேர் பொறந்திருக்கானுங்க.

அப்படி ஒருத்தன் வந்தான், பளபளப்புப் பண்டிதன்னு பேரு, தலைப்பாவைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டியிருந்தான். ராணி மூஞ்சிக்கு நேரா பூதக்கண்ணாடியைப் பிடிச்சு, ஐயையோன்னு நெஞ்சில கை வெச்சான். என்னன்னு கேட்டா, "தாயே, இங்க ஒரு கோடு வரப்போகுது"ன்னான். இப்ப இல்லையாம், இருபது வருசம் கழிச்சு வருமாம், வர்றதுக்கு முன்னாடியே அடைச்சிடணுமாம். கேட்டீங்களா அநியாயத்தை?

ராணி பயந்துட்டா. மொத நாள் நெத்தியில ஒரு பசையைப் பூசினான், புருவம் தூக்க வரல, புள்ள உத்துப் பாத்துச்சு. ரெண்டாம் நாள் கண்ணைச் சுத்திப் பூசினான், கண்ணு சிரிக்கல, புள்ள உதட்டைப் பிதுக்குச்சு. மூணாம் நாள் வாயைச் சுத்திப் பூசினான், மூஞ்சி மெழுகின சுவர் மாதிரி ஆகிப்போச்சு, புள்ள வீல்னு கத்தின கத்துல அரண்மனைப் புறா அத்தனையும் பறந்துபோச்சு. இது தெரிஞ்சும், ராணியே பூசிக்கிட்டாங்கன்னு மந்திரி பொண்டாட்டி பூசினா, சமையக்காரி பூசினா, பல்லாக்குத் தூக்குறவன்கூட பூசிக்கிட்டான்.

புள்ள பால் குடிக்க மாட்டேன்னுடுச்சு. ராணி தூக்கினா கண்ணை இறுக்க மூடிக்கும். பெத்தவளைப் பாத்துப் புள்ள பயப்படுறதை எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? ரெண்டு நாள் ஆச்சு, புள்ள துவண்டுபோச்சு. ராணி அழுதா, கண்ணுல தண்ணி ஓடுது, மூஞ்சி அசையல. அதைப் பாத்து சேடிகளே ரெண்டடி பின்னால போனாங்க.

அப்பத்தான் மோர்க்காரி வீராயி வந்தா. வெயில்ல கண்ணை இடுக்கி இடுக்கி மூஞ்சி பூரா கோடு. பானையை இறக்கிட்டு, புள்ளையைப் பாத்து, என்னடா ராசா கோவம்னு கண்ணை உருட்டினா, மூக்கைச் சுளிச்சா, கன்னத்தை உப்பினா. புள்ள அந்த மூஞ்சியையே பாத்துச்சு, லேசா சிரிச்சுச்சு, சங்குல பாலை ஊத்தினதும் மடமடன்னு குடிச்சுச்சு. ராணி இடிஞ்சுபோய், எங்கிட்ட ஏன் வர மாட்டேங்குதுன்னு கேட்டா.

"நீங்க முகம் குடுக்கலையே தாயி."

"நாள் பூரா என் முகத்தைத்தானே காட்டுறேன்."

"காட்டுறது வேற, குடுக்குறது வேற. நீங்கதான் அதைப் பண்டிதன்கிட்ட குடுத்துட்டீங்களே."

ராசா பண்டிதனை இழுத்துட்டு வரச் சொன்னார். இதுக்கு மாத்து மருந்து இல்லை, ஒரு மண்டலம் போனா தானா இறங்கும்னு அவன் நடுங்கினான், நடுங்கின நடுக்கத்துல தலைப்பா கழண்டு விழுந்துச்சு. நெத்தி பூரா கோடு! பாவி, ஊருக்கே பூசினவன் தனக்கு ஒரு தடவைகூடப் பூசிக்கல. சபையே வாயைப் பொளக்கப் பாத்துச்சு, முக்கால்வாசிப் பேரால முடியல. ராசா மூணு பூச்சையும் அவனுக்கே பூசச் சொல்லிட்டார்.

மறுநாள் சந்தையில ஒரு காளை பண்டிதனைத் துரத்துச்சு. காப்பாத்துங்கன்னு கத்துறான், மூஞ்சி மாத்திரம் ஊர்வலம் போற மாப்பிள்ளை மாதிரி இருக்கு. பண்டிதர் காளையோட வெளையாடுறார்னு சனம் கை தட்டுச்சு. மூணு சுத்து சுத்தவிட்டு, காளை அவனைத் தூக்கிச் சாணிக்குப்பையில போட்டுச்சு. அங்கயும் மூஞ்சி அப்படியேதான் இருந்துச்சு.

ராணி அதுக்கப்புறம் பூசிக்கவே இல்லை. தினமும் புள்ளைக்குப் பால் குடுக்க வர்ற வீராயி பக்கத்துல உக்காந்து, அவ மடியில இருக்கிற புள்ளையைத் தொடாம பாத்துக்கிட்டே இருந்தா. நாப்பத்தெட்டாம் நாள் புள்ள மோர்ல மூக்கை விட்டுத் தும்முச்சு, ராணிக்குச் சிரிப்பு வந்துச்சு, வாய் ஒரு பக்கம் மட்டும் கோணலா ஏறுச்சு, கண்ணோரம் ஒரு சின்னக் கோடு விழுந்துச்சு. புள்ள அந்தக் கோட்டைப் பாத்துச்சு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு அம்மாகிட்ட தாவுச்சு.

கதையும் முடிஞ்சுச்சு, கண்ணோரம் கோடும் விழுந்துச்சு. எங்க, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுட்டுப் படுங்க.